'அன்ப்ளக்டு' பாட்டுக்கு மறுபடியும் மவுசு: சுப்பு ஆறுமுகம் கடைசி வரை விடாத வில்லும், உங்க போனில் கேட்காத குடமும்

ஒரு சின்ன சோதனை செய்து பார்ப்போமா?

யூடியூபில் சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டு என்று தேடி, ஓரளவு நல்ல பதிவாக ஒன்றைப் போடுங்க. முதல் இரண்டு நிமிடம் இயர்போன் இல்லாமல், போன் ஸ்பீக்கரிலேயே கேளுங்க. பாடுகிறவர் குரல் தெளிவாக இருக்கும். ஜால்ரா கேட்கும். வில்லில் கட்டியிருக்கிற மணிகள் கணகணவென்று கேட்கும்.

இப்போ இயர்போனை மாட்டிக்கிட்டு அதே இடத்தை மறுபடி கேளுங்க. பாட்டுக்கு அடியில் 'தும், தும்' என்று கனமான ஒரு சத்தம் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும். அதுதான் குடம். வேறொன்றும் இல்லை, மண் பானை.

பெரிய இசைக்குழுவை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு கிடாரும் ஒரு குரலுமாகப் பாடகர்கள் பாடுகிற காலம் இது. 'அன்ப்ளக்டு' என்கிறார்கள், 'அக்கூஸ்டிக் வெர்ஷன்' என்கிறார்கள். அந்தப் பாட்டுகளில் ஏதோ ஒரு நெருக்கம் இருப்பதாக எல்லோரும் சொல்கிறோம். அந்த நெருக்கம் எங்கிருந்து வருகிறது? தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அன்ப்ளக்டு என்றால் என்ன?

மின்சாரத்தில் ஓடும் கருவிகளைத் தவிர்த்து, கட்டையும் கம்பியும் தோலும் தானாகத் தருகிற சத்தத்தை வைத்துப் பாடுவது. அவ்வளவுதான். இந்த வார்த்தை உலகம் முழுக்கப் பரவக் காரணம் 1989-ல் எம்டிவி ஆரம்பித்த 'அன்ப்ளக்டு' நிகழ்ச்சி. ராக் இசைக் கலைஞர்களைச் சின்ன அரங்கில், ரசிகர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடச் சொன்னார்கள். அதே நிகழ்ச்சியில் பாடி எரிக் கிளாப்டன் 1992-ல் வெளியிட்ட ஆல்பம், அடுத்த ஆண்டு கிராமி விழாவில் சிறந்த ஆல்பம் விருதை வாங்கியது.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பெரிய பேண்டோடு மைதானங்களை நிரப்பிக்கொண்டிருந்த நேரம். 1982-ல் வீட்டு அறையில் தனியாக உட்கார்ந்து, கிடாரும் மவுத் ஆர்கனுமாக, கேசட்டில் பதிவு செய்யும் ஒரு சின்ன மெஷினில் சில பாட்டுகளைப் பாடி வைத்தார். அது வெறும் மாதிரிப் பதிவு. பிறகு பேண்டோடு ஸ்டூடியோவில் வாசித்துப் பார்த்தார்கள், அவருக்குத் திருப்தி வரவில்லை. கடைசியில் அந்த கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் ஆல்பமாக வெளியிட்டார். சத்தம் குறைந்த பிறகுதான் கதை கேட்கிறது என்பது அவர் கண்டுகொண்டது.

சரி, நம்ம பக்கம் வருவோம். தானே எழுதி, தானே பாடி, சினிமாவையும் பார்த்துவிட்டு, நாட்டுப்புறச் சத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்ட ஒருவர் நமக்கு இருந்தாரா?

யார் இந்த சுப்பு ஆறுமுகம்?

இருந்தார். நெல்லையை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பாட்டு எழுத ஆரம்பித்தவர். 1948-ல் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்ட வருஷம் அது. காந்தியின் கதையை வில்லுப்பாட்டாக எழுத ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அழைப்பு.

கலைவாணரே நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். வில்லுப்பாட்டுச் சத்தத்தில் வளர்ந்தவர். அதனால்தான் நெல்லைப் பையன் ஒருவன் எழுதுகிற வில்லுப்பாட்டின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

சென்னைக்குப் போனதும் சினிமாக் கதவு திறந்தது. என்.எஸ்.கே. படங்களுக்கும், பிறகு நாகேஷ் நடித்த படங்களுக்கும் நகைச்சுவைப் பகுதிகள் எழுதினார். சினிமாவில் அப்படி ஒரு இடம் கிடைத்தவர் ஊர்க் கலையை மூட்டை கட்டி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வைக்கவில்லை. ராமாயணம், மகாபாரதம், காந்தி, பாரதி என்று கதைகளை வில்லுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். மேடை, வானொலி, தொலைக்காட்சி என்று எங்கே கூப்பிட்டாலும் வில்லோடு போனார்.

ஆகவே ஸ்பிரிங்ஸ்டீன் மாதிரி ஒதுங்கிப் போய்த் திரும்பி வந்தவர் என்று இவரைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து உட்கார அவருக்கு அந்த வில் இருந்தது, அவ்வளவுதான். 2004-ல் சங்கீத நாடக அகாடமி விருது, 2021-ல் பத்மஸ்ரீ. 2015-ல் கமல்ஹாசனின் 'உத்தம வில்லன்' படத்தில் வில்லுப்பாட்டு வந்தபோது, அதிலும் அவருடைய பங்கு இருந்தது. 2022 அக்டோபரில் தனது 94-வது வயதில் காலமானார். அவரோடு மேடையில் உட்கார்ந்து பாடிய மகள் பாரதி திருமகன், இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கிறார்.

வில், குடம், உடுக்கை: எது என்ன வேலை செய்யும்?

வில்லுப்பாட்டை நேரில் பார்க்காதவர்களுக்காக. நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் இதை 'வில்லு' என்றும் 'வில்லடி' என்றும் சொல்வார்கள்.

வில்: சுமார் பத்து அடி நீளம். பெரும்பாலும் பனங்கட்டையில் செய்வது. முறுக்கிய தோல் கயிறுதான் நாண். வில்லின் வளைவில் வரிசையாக மணிகள் தொங்கும்.

வீசுகோல்: பாடுகிறவர் இரண்டு கையிலும் வைத்திருக்கும் சின்னக் கோல்கள். நாணில் தட்டும்போது மணிகளும் சேர்ந்து ஒலிக்கும்.

குடம்: வில்லின் நடுப்பகுதியைத் தாங்கி, அதோடு சேர்த்துக் கட்டியிருக்கும் மண் பானை. குடம் வாசிப்பவர் தட்டையான ஒரு 'பத்தி'யால் அதன் வாயில் அடிப்பார். இன்னொரு கையால் பானையின் உடம்பில் தட்டுவார். கச்சேரிகளில் விரலால் வாசிக்கிற மானாமதுரைக் கடம் வேறு, இது வேறு.

உடுக்கை, ஜால்ரா, கட்டை: தாளத்துக்கும் வேகத்துக்கும். பிறகு பல குழுக்களில் ஆர்மோனியம், தபேலாவும் சேர்ந்தன.

இதெல்லாம் கருவிகள். இன்னொரு முக்கியமான கருவி இருக்கிறது, அது மனுஷன். நடுவில் உட்கார்ந்து கதை சொல்பவர் அண்ணாவி அல்லது புலவர். அவர் ஒரு வரி சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். "அப்புறம்?" என்பார். சில நேரம் கிண்டலாக ஒரு கேள்வி கேட்பார். அண்ணாவி அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக முடியும்.

நமக்கு வேண்டிய பதில் இந்த "ஆமா"வில்தான் இருக்கிறது. ஒரு பாட்டு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் பிளக்கைப் பிடுங்கியது மட்டும் இல்லை. பாடுகிறவருக்குப் பதில் சொல்லும் தூரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதும்தான்.

கொடையில் பாடுவதற்கும் சபாவில் பாடுவதற்கும் என்ன வித்தியாசம்?

நிறைய இருக்கு. தெக்கத்தி ஊர்களில் அம்மன், சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் திருவிழாதான் கொடை. வில்லுப்பாட்டின் சொந்த வீடு அதுதான். அங்கே பாட்டு பொழுதுபோக்கு கிடையாது. எந்தச் சாமிக்குக் கொடையோ அந்தச் சாமியின் கதையைப் பாட வேண்டும். காப்பு விருத்தத்தில் ஆரம்பித்து, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, கதைக்குள் போய், கடைசியில் வாழி பாடி முடிப்பது முறை.

இந்தப் பக்கத்து வில்லுப்பாட்டை ஆய்வு செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-ல் ஒரு புத்தகம் எழுதினார். பிறப்பைச் சொல்லும் கதைகள், சாவைச் சொல்லும் கதைகள் என்று இரண்டு வகையாக அவர் இவற்றைப் பிரித்துப் பார்த்தார். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் பிறகு சாமியாகி நிற்கும் கதைகள் இங்கே ஏராளம்.

முத்துப்பட்டன் கதை அதற்கு நல்ல உதாரணம். பிராமணக் குடும்பத்தில் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவைக் கல்யாணம் செய்கிறான். மாமனாரின் மாடுகளைத் திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன்தான் பட்டவராயன். இன்றைக்கும் அங்கே அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகப் போடுகிறார்கள். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா.வானமாமலை இந்தக் கதையைத் தேடி எடுத்துப் பதிப்பித்தார்.

கதையில் அந்தச் சாவு வரும் கட்டத்தில்தான் கொடையில் சாமி வரும். சாமியாடுகிறவர் எழுந்து ஆட ஆரம்பித்ததும் அண்ணாவியின் கண் முழுக்க அவர் மேல்தான் இருக்கும். அவர் வேகத்துக்கு உடுக்கை ஏறும். அவர் தளர்ந்தால் பாட்டும் இறங்கும். எவ்வளவு நேரம் இழுக்கணும், எங்கே நிறுத்தணும் என்பது எந்த நோட்டிலும் எழுதியிருக்காது. எதிரில் நிற்கும் ஆளைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

சுப்பு ஆறுமுகம் செய்தது வேறு. ராத்திரி முழுக்கப் போகிற இந்தக் கலையை, சில மணி நேரத்தில் முடிகிற மேடைக் கதையாக்கினார். சாமி கதையோடு காந்தி கதையும் வந்தது. கொடைக்கே வராத சென்னைக்காரர்கள் கேட்டார்கள். ஊர், சாதி, கோயில் என்ற எல்லையைத் தாண்டி வில் வெளியே வந்தது. ஆனால் மேடையில் சாமியாட்டம் கிடையாது. அதை ஒரு இழப்பு என்று சொன்னால் அதிலும் நியாயம் இருக்கு. அந்த "ஆமா"வை மட்டும் அவர் விடவில்லை. பாட்டை நிறுத்தி ஒரு விஷயம் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் கேட்பார், கூட்டம் சிரிக்கும், மறுபடி வில் அடிக்கும். ஆயிரம் பேர் இருந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

சரி, போனில் ஏன் குடம் கேட்பதில்லை?

ஆரம்பத்தில் செய்த சோதனைக்கு வருவோம். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று வரும் இல்லையா? உள்ளே அடைபட்ட காற்று அதிர்வதால் வரும் சத்தம் அது. உள்ளே இடம் பெரிதாக ஆக, சத்தம் கனமாகும். குடமும் அப்படித்தான். பத்தியால் வாயில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று மொத்தமும் அதிர்கிறது. அதோடு கட்டியிருப்பதால் வில்லின் அதிர்வும் குடத்துக்குள் இறங்குகிறது.

இப்படிக் கனமான சத்தம் என்றால் அதிர்வு எண்ணிக்கை குறைவு என்று அர்த்தம். அதை வெளியே தள்ள ஸ்பீக்கர் நிறையக் காற்றை அசைக்க வேண்டும். போனில் இருப்பது விரல் நகம் அளவு ஸ்பீக்கர். நொடிக்கு 200, 300 அதிர்வுகளுக்குக் கீழே போனால் அதன் சத்தம் வேகமாகக் குறைந்துவிடும். அதனால் மணி கேட்கிறது, குடம் கேட்பதில்லை. இயர்போன் காதுக்குள்ளேயே இருப்பதால் அந்தச் சத்தத்தைக் கொடுத்துவிடுகிறது.

இது போனோட பிரச்சினை மட்டும் இல்லை. கோயில் கொடைகளில் பனைமரத்திலும் கம்பத்திலும் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கும் இதே கதைதான். அது மனுஷக் குரலை ரெண்டு தெரு தாண்டிக் கொண்டு போகும். குடத்தைக் கொண்டு போகாது.

எனக்குச் சொந்த ஊர் தச்சநல்லூர். இன்றைக்கு திருநெல்வேலி மாநகராட்சியின் ஒரு மண்டலம். சின்ன வயதில் கொடை அன்றைக்கு வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து ரேடியோ செட்டில் வில்லுக் கேட்பேன். ஆச்சி விரட்டுவாள்: "ஏல, முன்னாடி போயி உக்காரு. இங்கன இருந்தா ரேடியோதான் கேக்கும், வில்லு கேக்காது." அப்போ புரியவில்லை. சத்தம்தான் நல்லா கேட்குதே என்று நினைத்தேன். இந்தக் கட்டுரைக்காக இயர்போனைக் கழற்றி மாட்டிக் கேட்டபோதுதான், ஆச்சி சொன்னது குடத்தைப் பற்றி என்று தோன்றியது. முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் கேட்ட சத்தம் அது.

இப்போ என்ன சிக்கல்?

ஒன்று, நேரம். 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாக்களுக்காக வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள், அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான் மாநில அரசு தளர்வு தரலாம். நோயாளிகளையும் படிக்கிற பிள்ளைகளையும் நினைத்தால் நியாயமான விதிதான். ஆனால் விடிய விடியப் பாடுகிற கதைக்கு இது பெரிய வெட்டு. நேரம் குறையும்போது முதலில் போவது நாட்டு வளமும், அந்தக் கேள்வி பதிலும்தான். ஏனென்றால் அதெல்லாம் இல்லாவிட்டாலும் கதை முடிந்துவிடும்.

இரண்டு, சத்தப் போட்டி. அதே கொடையில் பக்கத்து மேடையில் இன்னிசைக் கச்சேரியோ, பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர்களோ இருந்தால் வில் தாக்குப் பிடிப்பது கஷ்டம். அதற்காகக் குழுக்கள் எலக்ட்ரானிக் பேட், கீபோர்டு என்று சேர்க்கும்போது குடம் பெயருக்கு இருக்கிற பொருளாக மாறிவிடுகிறது.

மூன்று, பிழைப்பு. கொடை நடப்பது வருஷத்தில் சில மாதங்கள்தான். மற்ற மாதங்களுக்கு வேறு வேலை பார்க்கணும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வருஷம் வில்லுப்பாட்டுப் பாடிப் பெயர் வாங்கியவர் பூங்கனி அம்மாள். ஆண்கள் நிறைந்த துறையில் நடுவில் உட்கார்ந்து வில்லடித்தவர். 2018-ல் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் வறுமையில் இருந்ததைப் பத்திரிகைகள் எழுதின. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, 'சென்னை சங்கமம்' போன்ற விழாக்களில் மேடையும் கிடைக்கிறது. ஆனால் ஒரு குழுவை வருஷம் முழுக்கத் தாங்க விழா மேடை மட்டும் போதாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. கிடாரோடு தனியாகப் பாடுகிறவர் ஒருவர் நின்றுவிட்டாலும், அவர் பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடலாம். வில்லில் அண்ணாவி மட்டும் இருந்தால் பாட்டே நடக்காது. "ஆமா" போட ஒருவர், குடத்துக்கு ஒருவர், உடுக்கைக்கு ஒருவர் என்று குறைந்தது நாலைந்து பேர் சேர்ந்து தேர்ந்திருக்கணும். அதனால்தான் இதில் ஒருவரை இழந்தால் ஒரு குழுவையே இழந்த மாதிரி ஆகிறது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் தெக்கத்திப் பக்கம் போனால் எங்காவது கொடை நடக்கும். வில்லு இருக்கிறதா என்று கேளுங்க. இருந்தால் இதைச் செய்யலாம்:

• முன்னாடி போய் உட்காருங்க. ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம், குடம் இருக்கும் பக்கம்.

• போனில் எடுப்பதாக இருந்தால் முதலில் அண்ணாவியிடம் கேட்டுக்கோங்க. சாமியாடும் கட்டத்தை எடுக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் சொன்னால் எடுக்காதீங்க.

• ஸ்பீக்கரைப் பார்த்து எடுக்காமல், கலைஞர்களுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அங்கிருந்து எடுங்க. குடம் பதிவாகும்.

• 30 நொடி ரீல்ஸ் மட்டும் போதாது. ஒரு கேள்வியும் அதற்கு அண்ணாவி சொல்லும் பதிலும் முழுதாக வரும் அளவுக்கு எடுங்க.

• பதிவேற்றும்போது 'வில்லேஜ் சாங்' என்று போடாமல், குழுவின் பெயர், ஊர், கோயில், பாடிய கதை, தேதி எல்லாம் எழுதுங்க. அடுத்த ஊர்க்காரர்கள் அந்தக் குழுவைத் தேடிக் கூப்பிட அது உதவும்.

• ஊர்க் கொடைக்கு வரி கொடுக்கிறவராக இருந்தால், கமிட்டிக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்க: வில்லு பாடுகிற நேரத்தில் பக்கத்து ஸ்பீக்கரை நிறுத்தி வைக்கணும்.

இன்னும் ஆழமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்படும் மாணவர்களுக்கு, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இருக்கிறது. நா.வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களையும் நூலகங்களில் தேடிப் படிக்கலாம்.

அடுத்த முறை யாராவது அன்ப்ளக்டு பாட்டு ஒன்றை அனுப்பினால் ரசித்துக் கேளுங்க. கேட்டு முடித்ததும் அப்படியே ஒரு வில்லுப்பாட்டையும் போடுங்க. இயர்போனை மட்டும் மறந்துடாதீங்க.